நான்கு குறிகளுக்குள்: பால்டிமோர் முதல் வகுப்புகளில் நடந்த ஒரு தடுப்பு ஆய்வு

ஆறு வயதுப் பையன் ஒருவன் வகுப்பில் தன் இடத்தில் உட்காருவதே இல்லை. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குகிறான், டீச்சர் பேசும்போது குறுக்கே கத்துகிறான், கை ஓங்கவும் செய்கிறான். இவனை என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் அவனைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். அவன் வீடு எப்படி, அப்பா எப்படி, அவனுக்கு ஏதாவது குறைபாடு இருக்கிறதா என்று பேச்சு போகும். அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் உள்ள பால்டிமோர் நகரில் 1985-86 கல்வியாண்டில் தொடங்கிய ஓர் ஆய்வு, பையனைத் தனியே பிரிக்காமல், நன்னடத்தை விளையாட்டு (Good Behavior Game) என்ற முறையைக் கொண்டு அவன் உட்கார்ந்திருந்த வகுப்பறையையே மாற்றப் பார்த்தது. அந்தப் பிள்ளைகள் 19 முதல் 21 வயதுக்கு வளர்ந்தபோது அவர்களைத் தேடிப்பிடித்து, வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டது. குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களைத் தடுப்பது பற்றி நான் படித்தவற்றில் மீண்டும் மீண்டும் திரும்பிப் போவது இந்த ஆய்வுக்குத்தான். இது வெற்றி பெற்றது என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எதனால் வென்றது, அதே ஊரில் அடுத்த ஆண்டே ஏன் மங்கியது என்பதைப் பற்றிய பேச்சு குறைவு. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

சிகாகோவில் கிடைத்த துப்பு

ஆய்வை நடத்தியவர் ஷெப்பர்ட் கெல்லம் என்ற மனநல மருத்துவர். பால்டிமோருக்கு வருவதற்கு முன், 1960களில், சிகாகோவின் தென்பகுதியில் வுட்லான் என்ற இடத்தில் அவரும் அவருடைய குழுவினரும் வேலை செய்தார்கள். ஏழ்மை மிகுந்த, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி அது. அங்கே முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் எல்லோரையும் ஆய்வில் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர்களிடம் கேட்ட கேள்விகள் எளிமையானவை. இந்தப் பிள்ளை விதிகளுக்குக் கட்டுப்படுகிறதா? மற்றப் பிள்ளைகளோடு சேருகிறதா? கவனிக்கிறதா? முதல் வகுப்பு என்பது ஒரு குழந்தை வீட்டுக்கு வெளியே சந்திக்கும் முதல் பெரிய வேலையிடம். அங்கே அது எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைத்தான் அளந்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, அதே பிள்ளைகள் 16, 17 வயதில் இருந்தபோது மறுபடி பார்த்தார்கள். முதல் வகுப்பில் முரட்டுத்தனம் காட்டிய பையன்கள் பதின்பருவத்தில் போதைப்பொருள்களை அதிகம் பயன்படுத்தினார்கள். கூச்சமும் முரட்டுத்தனமும் சேர்ந்திருந்த பையன்களின் நிலை இன்னும் மோசம். பெண் பிள்ளைகளிடம் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை.

சரி, முதல் வகுப்பு முரட்டுத்தனம் பின்னால் வரும் சிக்கலை முன்கூட்டியே காட்டுகிறது. ஆனால் காட்டுவது வேறு, உண்டாக்குவது வேறு. இரண்டுக்கும் வேர் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் வகுப்பறையில் என்ன செய்தும் பயனில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, முரட்டுத்தனத்தை ஆறு வயதிலேயே குறைத்துவிட்டு, இருபது வயதில் என்ன ஆகிறது என்று காத்திருப்பது. அந்தக் காத்திருப்புக்குத் தயாராக இருந்ததுதான் கெல்லம் குழுவின் தனிச்சிறப்பு என்று நினைக்கிறேன்.

கான்சாஸிலிருந்து வந்த விளையாட்டு

குறைப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி புதிதல்ல. கான்சாஸ் மாநிலத்தின் பால்ட்வின் சிட்டி என்ற சிற்றூரில் ஒரு நான்காம் வகுப்பில் உருவானது. ஹாரியட் பாரிஷ், மியூரியல் சாண்டர்ஸ், மான்ட்ரோஸ் வுல்ஃப் ஆகிய மூவரும் 1969இல் அதைப் பற்றி எழுதினார்கள். பெயர் நன்னடத்தை விளையாட்டு. வகுப்பில் 24 பிள்ளைகள். அவர்களில் ஏழு பேர் மீது தலைமையாசிரியர் வரை புகார் போயிருந்தது.

வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். கணக்குப் பாட நேரத்தில் யாராவது அனுமதி இல்லாமல் எழுந்தாலோ பேசினாலோ அந்த அணியின் பெயருக்கு எதிரே கரும்பலகையில் ஒரு குறி. குறி குறைவாக வாங்கிய அணிக்கு வெற்றி. இரண்டு அணியும் ஓர் எல்லைக்குள் இருந்துவிட்டால் இரண்டுக்குமே வெற்றி. பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சாப்பாட்டுக்கு முதலில் வரிசையில் நிற்கலாம், பெயருக்கு எதிரே நட்சத்திரம் ஒட்டலாம், நாளின் கடைசி அரை மணி நேரம் விருப்பமான வேலை ஏதாவது செய்யலாம். பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் சின்னச் சலுகைகள்தான்.

ஒவ்வொரு நிமிடமாகக் கவனித்துப் பதிவு செய்தார்கள். விளையாட்டு தொடங்குவதற்கு முன் நூற்றுக்குச் சுமார் 96 நிமிடங்களில் யாராவது தேவையில்லாமல் பேசினார்கள், சுமார் 82 நிமிடங்களில் யாராவது இடத்தை விட்டு எழுந்தார்கள். விளையாட்டின்போது அவை சுமார் 19, 9 என்று இறங்கின. கணக்கு நேரத்தில் விளையாட்டை நிறுத்தியதும் இரைச்சல் திரும்ப வந்தது. வாசிப்பு நேரத்தில் விளையாடத் தொடங்கியதும் அங்கே குறைந்தது. ஆக, மாற்றத்துக்குக் காரணம் விளையாட்டுதான் என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு சின்ன விவரம். வேண்டுமென்றே குறி வாங்கிக் கொடுத்து அணியைத் தோற்கடிக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவருக்காக ஓர் அணியையே தண்டிப்பது நியாயமில்லை என்று டீச்சர் முடிவு செய்து, அவர்களைத் தனி அணியாக்கினார். மற்றப் பிள்ளைகளின் கோபம் அவர்கள் மீது திரும்பாமல் தடுத்தது அது. குழுவாக வெகுமதி தரும் எந்த முறைக்கும் இருக்கும் ஆபத்தை, விளையாட்டு முதன்முதலாக நடந்த அந்த வகுப்பறையிலேயே ஓர் ஆசிரியர் கண்டுகொண்டிருக்கிறார்.

குறி எப்படி வேலை செய்கிறது

கரும்பலகையில் விழும் ஒரு கோடு ஏன் இவ்வளவு செய்கிறது? பதிலின் ஒரு பாதி ஆரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் இருக்கிறது. ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் அங்கே முரட்டுப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பி, அம்மாவும் பிள்ளையும் நொடிக்கு நொடி என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்ய வைத்தார். அவர் கண்டது இது. அம்மா ஒரு வேலை சொல்கிறார். பிள்ளை கத்துகிறான். அம்மா அலுத்துப்போய் விட்டுவிடுகிறார். பிள்ளைக்கு வேலையிலிருந்து விடுதலை, அம்மாவுக்குக் கத்தலிலிருந்து விடுதலை. இருவருக்குமே அந்தக் கணத்தில் நிம்மதி கிடைப்பதால் இருவருமே அடுத்த முறையும் அதையே செய்வார்கள், கத்தல் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாமலே பழக்கிவிடுகிறார்கள்.

வகுப்பறையில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது: மற்றப் பிள்ளைகளின் சிரிப்பு. ஒருவன் டீச்சரை எதிர்த்துப் பேசினால் முப்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசை எந்த ஆசிரியராலும் தர முடியாது. நன்னடத்தை விளையாட்டு அந்தப் பரிசின் திசையைத்தான் மாற்றுகிறது. அணி ஜெயிக்க வேண்டும் என்றால் சேட்டைக்குச் சிரிப்பதில் லாபமில்லை, அமைதியாக வேலை பார்ப்பவனுக்குத் தோள் கொடுப்பதில்தான் லாபம். டீச்சரும் கத்த வேண்டியதில்லை. எந்த விதி மீறப்பட்டது என்று சாதாரணக் குரலில் சொல்லி, குறி போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடரலாம்.

பால்டிமோரில் செய்தது

நகரப் பள்ளித் துறையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு இது. நகரின் ஐந்து வெவ்வேறு பகுதிகளிலிருந்து 19 தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஆண்டுக் குழுவில் 41 முதல் வகுப்புகள், 1,196 பிள்ளைகள். ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றுக்கொன்று ஒத்த பள்ளிகளை எடுத்து, எதற்கு நன்னடத்தை விளையாட்டு, எதற்கு வாசிப்பை மேம்படுத்தும் வேறொரு பாடத்திட்டம், எதற்கு வழக்கமான வகுப்பு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். விளையாட்டு கிடைத்த பள்ளிக்குள்ளும் எல்லா வகுப்புக்கும் அது தரப்படவில்லை. ஒரே பள்ளியில் விளையாடும் வகுப்பும் விளையாடாத வகுப்பும் இருந்தன. முரட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் குவியாமல் சமமாகப் பிரித்தும் விட்டார்கள். பள்ளி நல்ல பள்ளி, ஊர் நல்ல ஊர் என்ற சாக்குகளுக்கு இந்த அமைப்பில் இடமில்லை. ஒரு மாநகரப் பள்ளித் துறை, பெற்றோரின் நம்பிக்கையோடு, இப்படிக் குலுக்கலுக்குச் சம்மதித்தது சாதாரண விஷயமில்லை. தரவுகளை விட இந்தச் சம்மதத்தைப் பெறுவதற்கு உழைத்தவர்கள் மீதுதான் எனக்கு மதிப்பு அதிகம்.

வகுப்பை மூன்று அணிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் அணியிலும் பையன்கள், பெண்கள், முரடர்கள், கூச்ச சுபாவம் உள்ளவர்கள் எல்லோரும் கலந்து இருப்பார்கள். விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். நான்கு குறிக்கு மேல் போகாத அணிக்கு வெற்றி. மூன்று அணியுமே வெல்லலாம். தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம்தான். ஸ்டிக்கர், ரப்பர் போன்ற சின்னப் பரிசுகள் உடனே கையில் கிடைத்தன. போகப் போக நேரம் கூடியது, பரிசு தள்ளிப்போனது. நாளின் முடிவில், பிறகு வாரத்தின் முடிவில் என்று ஆனது. பொருளுக்குப் பதில் கூடுதல் விளையாட்டு நேரம் போன்றவை வந்தன. டீச்சர் சொல்லாமலே விளையாட்டைத் தொடங்குவதும் உண்டு. எப்போது நடக்கிறது என்று தெரியாததால் நாள் முழுக்கவே விதி நினைவில் இருக்கும். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலுமாக இரண்டு ஆண்டுகள் இது தொடர்ந்தது.

ஆசிரியர்களுக்குச் சுமார் 40 மணி நேரப் பயிற்சி. அதன் பிறகு ஆண்டு முழுக்க வகுப்புக்கே வந்து பார்த்து உதவும் வழிகாட்டிகள். இந்த வரியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இருபது வயதில்

முதல் வகுப்பு முடியும்போதே சேட்டை குறைந்திருந்தது. ஆனால் ஆய்வின் பெயர் நிலைத்தது 2008இல் வெளியான நீண்டகால முடிவுகளால்தான். 19 முதல் 21 வயதில் அந்த மாணவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேரிடம் பேச முடிந்தது. பேட்டி எடுத்தவர்களுக்கு, தாங்கள் பேசுபவர் எந்த வகுப்பில் படித்தவர் என்று தெரியாது.

வழக்கமான வகுப்புகளில் படித்த பையன்களில் 38 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் போதைப்பொருள் சார்ந்த நோய்நிலை இருந்தது. விளையாட்டு வகுப்புப் பையன்களில் அது 19 விழுக்காடு. முதல் வகுப்பிலேயே மிக முரடர்கள் என்று குறிக்கப்பட்ட பையன்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 83 விழுக்காட்டுக்கு எதிரே 29. தொடர்ந்து புகைபிடிக்கும் பழக்கம் பையன்களில் 19இலிருந்து 6 விழுக்காடு. மது சார்ந்த நோய்நிலை, பையன்களும் பெண்களும் சேர்ந்து, 20இலிருந்து 13 விழுக்காடு. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தார்கள்.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களில் நிதானம் வேண்டும். மிக முரடர்கள் என்ற பிரிவில் இருந்த பையன்கள் எண்ணிக்கையில் குறைவு. 83, 29 என்ற இடைவெளியை அப்படியே இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக முடியாது, திசையைத்தான் நம்பலாம். அடுத்து, போதைப்பொருள் விஷயத்தில் பெண்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இரைச்சலாக வெளிப்படும் சிக்கலைக் குறிவைத்த முறை இது. உள்ளுக்குள் ஒடுங்கும் பிள்ளைகளுக்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது.

இதே பிள்ளைகளை வைத்து 1998இல் வெளியான இன்னொரு பகுப்பாய்வு எனக்கு இந்த முடிவுகளைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆறு வயதில் ஒரே அளவு முரடாக இருந்த இரண்டு பையன்களில், ஒருவன் ஒழுங்கான வகுப்பிலும் இன்னொருவன் கட்டுக்கடங்காத வகுப்பிலும் விழுந்தால், நடுநிலைப் பள்ளியில் இரண்டாமவன் முரடாகவே இருக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். சமமாகப் பிரித்துவிட்ட வகுப்புகளே சில வாரங்களில் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டுப் போயிருந்தன. வகுப்பை நடத்தும் வித்தையை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அந்த ஆசிரியர்களுக்கு முறையாகச் சொல்லித்தரவில்லை. ஒரு பையனின் எதிர்காலம், அந்த ஆண்டு அவனுக்கு எந்த டீச்சர் வாய்த்தார் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த டீச்சரைக் குறை சொல்வதற்கும் இதில் ஒன்றுமில்லை.

பிரித்து வைத்தால் என்ன ஆகும்

முரட்டுப் பிள்ளைகளைத் தனியே கூட்டிப்போய்த் திருத்துவது எளிதாயிற்றே என்று தோன்றலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய இடங்களில் 1939இல் தொடங்கிய ஆய்வில் 506 சிறுவர்களை இரண்டு இரண்டு பேராக இணை சேர்த்து, ஒருவனுக்கு மட்டும் பல ஆண்டுகள் உதவி தந்தார்கள். ஆலோசகர், மருத்துவம், படிப்புக்குத் துணை, கோடைமுகாம் என்று எதிலும் குறை வைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பிடித்து எடுத்த முடிவுகள் 1978இல் வெளியாயின. உதவி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சில விதங்களில் மோசமான நிலையில் இருந்தார்கள். கோடைமுகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போனவர்களிடம் கேடு அதிகம் தெரிந்தது. 1999இல் தாமஸ் டிஷியன், மெக்கார்ட், பிரான்சுவா பூலான் மூவரும் சேர்ந்து எழுதியபோது, ஆரிகனில் பதின்பருவத்தினரைக் குழுவாகக் கூட்டி நடத்திய பயிற்சியிலும் அதேபோலப் பின்விளைவு வந்ததைக் காட்டினார்கள். ஒருவன் திருட்டுக் கதை சொல்ல மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பே பாடமாகிவிடுகிறது.

நல்ல மனதோடு, செலவு செய்து, அன்பாகச் செய்ததும் கெடுதலாக முடியலாம் என்பதைச் சொல்லும் துணிவு மெக்கார்டுக்கு இருந்தது. பால்டிமோர் அணிகள் ஏன் கலந்தே இருந்தன என்பதற்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது. முரட்டுப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார அமைதியான பிள்ளை ஒன்று வேண்டும்.

மங்கிய இரண்டாம் ஆண்டு

1986-87இல் அதே பள்ளிகளில் அதே ஆசிரியர்கள் அடுத்த முதல் வகுப்புப் பிள்ளைகளோடு விளையாட்டை நடத்தினார்கள். இந்த முறை மறுபயிற்சியும் வழிகாட்டிகளின் துணையும் மிகக் குறைவு. ஏற்கெனவே தெரிந்த விளையாட்டுதானே, ஆசிரியர்களுக்கு அனுபவமும் இருக்கிறதே என்றுதான் யாரும் நினைப்போம். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானபோது பலன் தெளிவாகக் குறைந்திருந்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தில் நடந்ததையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 77 பள்ளிகளில், குலுக்கல் முறையில், ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு ஆண்டுகள் இதைச் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வாசிப்பிலும் நடத்தையிலும் முன்னேற்றம் இல்லை. தொடக்கத்திலேயே ஆபத்து அதிகம் என்று கருதப்பட்ட பையன்களிடம் மட்டும் கவனமும் நடத்தையும் மேம்பட்டதற்கான மெல்லிய அறிகுறி தெரிந்தது. பல வகுப்புகளில் விளையாட்டைச் சொன்ன அளவுக்கு அடிக்கடியும் நேரமெடுத்தும் நடத்தவில்லை. சுமார் கால்வாசிப் பள்ளிகள் நடுவிலேயே நிறுத்திவிட்டன.

இந்த முடிவை வைத்து விளையாட்டே பொய் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. இங்கிலாந்தின் வழக்கமான வகுப்பறைகள் ஏற்கெனவே ஓரளவு ஒழுங்காக நடந்திருக்கலாம், 1985 பால்டிமோரோடு ஒப்பிட முடியாமல் போகலாம். ஆனால் இரண்டு இடத்திலும் பொதுவாகத் தெரிவது ஒன்று: ஆசிரியர் தனியே விடப்படும்போது விளையாட்டு தேய்கிறது. திட்டத்தை வாங்கும் அரசுகளும் பள்ளி நிர்வாகங்களும் விதிப்பட்டியலையும் ஸ்டிக்கரையும் வாங்குகின்றன. வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து பார்க்கும் வழிகாட்டியின் சம்பளம்தான் முதலில் வெட்டப்படுகிறது. பலன் தந்தது அந்தச் செலவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எதிர்ப்புகள்

பரிசு கொடுத்துப் பழக்கினால் பரிசுக்காக மட்டுமே நல்ல பிள்ளையாக இருப்பான் என்பது அடிக்கடி வரும் எதிர்ப்பு. பால்டிமோர் முறையில் பரிசு தேய்ந்துகொண்டே போனதும், பலன் பரிசே இல்லாத இருபது வயதில் தெரிந்ததும் அதற்குப் பதில். ஒருவன் தவறுக்கு அணி பொறுப்பா என்ற கேள்வி கனமானது. எல்லா அணியும் வெல்ல முடியும் என்ற விதி அதைத் தணிக்கிறது, முழுக்கத் தீர்க்கவில்லை. எந்தப் பிள்ளையாவது அணியின் ஏச்சுக்கு ஆளாகிறதா என்று பார்த்துக்கொள்ளத் தெரியாத வகுப்பில் இதைத் தொடங்கக் கூடாது. கான்சாஸ் டீச்சர் செய்ததுபோல் உடனே அணியை மாற்றத் தயங்கவும் கூடாது. அமைதியான வகுப்பு வேண்டும் என்பதற்காகக் குழந்தைகளின் பேச்சையே அடக்கிவிடும் அபாயமும் இருக்கிறது. வேலைக்கு ஏற்ற சத்தம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், சேர்ந்து பேசிச் செய்யும் பாடத்திலும் விளையாட்டு நடக்கும்.

நெதர்லாந்தில் இதைத் தழுவி நடத்தியவர்கள் குறிகளைவிடப் பாராட்டுக்கு அதிக இடம் கொடுத்தார்கள். அங்கேயும் நடத்தைச் சிக்கல்கள் குறைந்ததாகக் குலுக்கல் ஆய்வு காட்டியது. எஸ்டோனியாவில் நாட்டின் பொதுச் சுகாதார நிறுவனம் 2014 முதல் இதன் ஒரு வடிவத்தைப் பள்ளிகளில் பரப்பி வருகிறது. அங்கே ஆசிரியருக்குப் பயிற்சி மட்டும் தந்து அனுப்பிவிடுவதில்லை, வழிகாட்டி ஒருவரும் கூட வருகிறார்.